தட்டில் எழுதாத பெயர்கள்

இசைக்குச் சாதியில்லை என்று சொல்லாதார் இல்லை. கச்சேரி மேடையிலும் சொல்லுவார்கள். கல்யாணப் பந்தலிலும் சொல்லுவார்கள். ஆயினும், இசையை விலைக்கு விற்கும் கடை ஒன்று ஏற்பட்டவுடனே அதற்குச் சாதி வந்துவிடுகிறது. எவர் பாட்டை எவருக்கு விற்பது, எவர் பெயரை அச்சிடுவது, எவர் பெயரை மறைப்பது என்பனவெல்லாம் கடைக்காரரின் பேரேட்டில் எழுதப்பட்டுவிடுகின்றன. இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் நாட்டுப்புற இசை வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 'கண்ட்ரி' என்று அந்நாட்டார் வழங்கும் அவ்விசை வெள்ளையருக்கே உரியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்நம்பிக்கை எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதையும், பழைய இசைத்தட்டுகளைத் தேடித் திரட்டிய அன்பர்களின் உழைப்பால் அது எவ்வாறு உடைந்தது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

பட்டியல் வகுத்த சாதி

1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மேமி ஸ்மித் என்னும் கறுப்பு மாது நியூயார்க்கில் ஓக்கே கம்பெனிக்காக 'கிரேசி புளூஸ்' என்னும் பாட்டைப் பாடினார். தட்டு ஏராளமாக விற்றது. கறுப்பு மக்களிடமும் கிராமபோன் உண்டு, அவர்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்னும் உண்மை அன்றுதான் கம்பெனிகளுக்கு விளங்கிற்று. உடனே அவர்களுக்கென்று தனி வரிசை ஏற்பட்டது. அதற்கு 'ரேஸ் ரிக்கார்டு', அதாவது இனத் தட்டு, என்று பெயர் வழங்கலாயிற்று.

மூன்றாண்டுகள் கழித்து, 1923-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அதே கம்பெனியைச் சேர்ந்த ரால்ப் பியர் என்பவர் அட்லாண்டா நகருக்குச் சென்று ஜான் கார்சன் என்னும் வெள்ளைப் பிடில்காரரின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு கேட்கச் சகிக்கவில்லை என்பது பியரின் எண்ணம். ஆனால் உள்ளூர் வியாபாரி வற்புறுத்தியதால் அச்சடிக்கப்பட்ட 500 தட்டுகளும் விரைவில் விற்றுப்போயின. தென் மாநிலங்களின் வெள்ளைக் குடியானவர்களும் நல்ல வாடிக்கைக்காரர்களே என்பது தெரிந்தது. அவர்களுக்கும் ஒரு தனி வரிசை பிறந்தது. 'ஹில்பில்லி', அதாவது மலைப்பக்கத்துப் பட்டிக்காட்டான், என்னும் ஏளனச் சொல்லே நாளடைவில் அவ்வரிசையின் பெயராக நிலைத்தது.

கொலம்பியா கம்பெனியில் 14000 என்று தொடங்கும் எண்கள் கறுப்பருக்கு. 15000 என்று தொடங்கும் எண்கள் வெள்ளையருக்கு. ஓக்கே கம்பெனியில் 8000 கறுப்பருக்கு, 45000 வெள்ளையருக்கு. விளம்பரமும் வேறு, விலைப்பட்டியலும் வேறு. ஓட்டலிலும் இரயிலிலும் பள்ளிக்கூடத்திலும் இருந்த நிறப்பிரிவினை அரக்குத் தட்டிலும் எண்ணாகப் பொறிக்கப்பட்டது.

பாட்டிலே அப்பிரிவு இருந்ததா என்று கேட்டால், இல்லை. கண்ட்ரி இசையின் அடையாளமாக இன்று உலகறிந்த பாஞ்சோ என்னும் வாத்தியமே ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கை வாத்தியங்களின் வழிவந்தது; அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களே அதை அமெரிக்க மண்ணுக்குத் தந்தவர்கள். நிறத்தைக் காதால் அறிய முடியாது என்பதற்கு வேடிக்கையான சாட்சியும் உண்டு. ஆலன் சகோதரர்கள் என்னும் வெள்ளையர் இருவர் பாடிய தட்டொன்றைக் கொலம்பியா கம்பெனி தவறுதலாக 14000 வரிசையில் வெளியிட்டுவிட்டது. தங்களைக் கறுப்பர் வரிசையில் சேர்த்தார்களே என்று சகோதரர்கள் சினந்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டனர். தட்டை வெளியிட்ட கம்பெனிக்கே பாடியவரின் நிறம் கேட்டுப் புலப்படவில்லை. அப்படியிருந்தும் பட்டியல் மட்டும் மாறவில்லை.

தொப்பிக் கடை மாடியில்

1927-ஆம் ஆண்டு ஜூலை 25 முதல் ஆகஸ்டு 5 வரை நடந்தது அமெரிக்க இசை வரலாற்றில் பெரிதும் பேசப்படும் நிகழ்ச்சி. டென்னஸி, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையிலே பிரிஸ்டல் என்னும் ஊர் இருக்கிறது. ஊரின் பெரிய வீதியே இரு மாநிலங்களுக்கும் எல்லைக்கோடு. அங்கே ஒரு தொப்பிக் கம்பெனியின் மாடியில், விக்டர் கம்பெனிக்கு வந்து சேர்ந்திருந்த அதே ரால்ப் பியர் பதிவுக் கருவிகளை நிறுவினார். பதிவாகும் ஒரு பாட்டுக்கு 50 டாலர் கொடுப்பதாகச் செய்தி பரவிற்று. பத்தொன்பது கோஷ்டியார் வந்தனர். 76 பதிவுகள் ஆயின. கார்ட்டர் குடும்பத்தார் ஆகஸ்டு 1, 2 தேதிகளிலும், ஜிம்மி ராஜர்ஸ் 4-ஆம் தேதியிலும் முதன்முதலாகப் பாடினர். கண்ட்ரி இசையின் பிறப்பிடம் என்று பிரிஸ்டலைப் பலரும் போற்றுவது இதனாலேயே.

அப்பன்னிரண்டு நாட்களிலும் அந்த மாடியேறிய கறுப்பர் ஒருவரே. எல் வாட்சன் என்னும் மௌத் ஆர்கன் வித்துவான் அவர். பிறப்பைக் கொண்டாடும் விழாக்களில் நெடுங்காலம் அவர் பெயர் கேட்டதில்லை.

கார்ட்டர் குடும்பத்தின் கதை இன்னும் கவனிக்கற்பாலது. ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் உறவுப்பெண் மேபெல் ஆகிய மூவரும் வர்ஜீனியாவின் ஏழைப் பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்து வந்தவர்கள். தட்டுகள் விற்பனையாக ஆக, புதிய பாட்டுகள் வேண்டியிருந்தன. கார்ட்டர் மலையூர்களில் அலைந்து பழம்பாட்டுகளைத் திரட்டலானார். வரிகளை எழுதிக்கொள்ள அவரால் முடியும். மெட்டை நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதற்குத் துணையாகச் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பு இளைஞர். சிமெண்டு ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கிடார் வாசிப்பதில் கைதேர்ந்தவர். 1928-ஆம் ஆண்டளவில் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. கார்ட்டர் சொற்களை எழுதுவார். ரிடில் மெட்டை மனத்தில் வாங்கிக்கொண்டு வந்து சாராவுக்கும் மேபெலுக்கும் வாசித்துக் காட்டுவார். அவருடைய விரல் நுட்பங்கள் சிலவற்றை மேபெல் பார்த்துக் கற்றுக்கொண்டார். கறுப்பர் வீடுகளிலும் கோயில்களிலும் வழங்கிய பாட்டுகள் கார்ட்டருக்குக் கிட்டியதும் அவருடைய துணையால்தான்.

இவ்வாறு கிடைத்த பாட்டுகள் தட்டில் ஏறியபொழுது இயற்றியவர் என்று அச்சானது ஏ. பி. கார்ட்டரின் பெயர். ரிடிலின் பெயர் எங்கும் இல்லை. அவர் கைக்கு உரிமைப் பணமும் வரவில்லை. இரு சாராரும் நண்பர்களே. ஒரே வீட்டில் உட்கார்ந்து வாசித்தவர்களே. நட்பு வீட்டுக்குள் இருந்தது. உரிமை தட்டின் மேல் இருந்தது. பால்மரம் வெட்டிய கையின் பெயரை மோட்டார் டயரில் எவரும் பொறிப்பதில்லை என்பதைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஜிம்மி ராஜர்ஸின் வரலாற்றிலும் இதுவே காணப்படுகிறது. மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் ஊரினரான அவர் இரயில்வேத் தொழிலாளி. இருப்புப்பாதை போடும் கறுப்புத் தொழிலாளரின் புளூஸ் பாட்டோடு யோடல் என்னும் குரல் வளைவைச் சேர்த்துப் பாடிப் புகழ்பெற்றார். 1930-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி அவர் ஹாலிவுட்டில் பாடியபோது பக்கத்தில் நின்று எக்காளம் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ வாசித்தவர் அவர் மனைவி லில். உலகப் புகழ்பெற்ற அக்கலைஞர் இருவரின் பெயரும் தட்டில் அச்சாகவில்லை. ராஜர்ஸ் 1933-ஆம் ஆண்டு மே மாதத்தில் காசநோயால் மாண்டார். ஆம்ஸ்ட்ராங்கோ அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் வாழ்ந்து உலகெங்கும் புகழப்பட்டார். அவரது பெயரையே மறைக்கத் துணிந்த வழக்கம், பெயரற்ற ஏழை வித்துவான்களை என்ன பாடு படுத்தியிருக்கும்!

மேடைக்குப் பெயர் தந்தவர்

டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில் வாரந்தோறும் நடக்கும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்னும் வானொலி நிகழ்ச்சியே கண்ட்ரி இசையின் தலையாய மேடை. அதற்கு அப்பெயர் வந்த கதை சுவையானது. 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒருநாள், உயர்தரச் சங்கீத நிகழ்ச்சியொன்று முடிந்தவுடன் நாட்டுப்புற நிகழ்ச்சி தொடங்கிற்று. டிபோர்ட் பெய்லி என்னும் கறுப்பர் மௌத் ஆர்கனில் இரயில் வண்டி ஓடுவதைத் தத்ரூபமாக வாசித்து முடித்தார். அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, இதுவரை பெரிய 'ஆப்பெரா' கேட்டீர்கள், இனி நமது 'ஆப்ரி' என்று பட்டிக்காட்டு உச்சரிப்பில் வேடிக்கையாகச் சொன்னார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

மேடையில் கைதட்டல் பெற்ற பெய்லிக்கு வெளியூர்ப் பயணங்களில் வெள்ளைக் கலைஞரோடு ஒரே ஓட்டலில் தங்க இடமில்லை. 1941-ஆம் ஆண்டில் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். பாட்டு உரிமை பற்றிய வியாபாரத் தகராறே உடனடிக் காரணம். ஆனால் 1945-ஆம் ஆண்டில் ஹே வெளியிட்ட சிறுநூலில் பெய்லியின் சோம்பலையும், அவருடைய இனத்தையும் சேர்த்துக் குறை கூறப்பட்டிருக்கிறது. மேடைக்குப் பெயர் கிடைக்கக் காரணமாயிருந்தவர் பின்னர் அதே நகரில் சோடுகளுக்கு மெருகிடும் கடை வைத்துப் பிழைத்தார். 1982-ஆம் ஆண்டில் இறந்தார். கண்ட்ரி இசைப் புகழ்மண்டபம் ராஜர்ஸை 1961-ஆம் ஆண்டிலும், கார்ட்டர் குடும்பத்தாரை 1970-ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டது. பெய்லிக்கு அக்கதவு திறந்தது 2005-ஆம் ஆண்டில்.

அரக்கும் போரும்

இத்தனை செய்தியும் நமக்கு இன்று கிடைப்பதே பெரிய காரியம். ஏனெனில் தட்டுகள் அழியும் காலம் ஒன்று வந்தது. பொருளாதார மந்தம் 1929-ஆம் ஆண்டில் தொடங்கியதும் ஏழைகள் தட்டு வாங்குவதை நிறுத்தினர். கம்பெனிகள் பல மூடப்பட்டன. அரிய புளூஸ் பாட்டுகளை வெளியிட்ட பாரமவுண்ட் கம்பெனி ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் கிளை. அது மூடியபின் அதன் உலோக அச்சுகள் பழைய இரும்பைப்போல் எடைக்கு விற்கப்பட்டன.

பின்னர்ப் போர் வந்தது. அக்காலத்துத் தட்டுக்கு முக்கியப் பொருள் அரக்கு. சோட்டா நாகபுரி முதலிய இந்தியக் காடுகளில் வனவாசிகள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்த பூச்சி அரக்கே உலகத்து இசைத்தட்டுகளுக்குப் போயிற்று. இவ்வகையில் அமெரிக்கப் பாட்டுக்கும் இந்திய உழைப்புக்கும் நேரான தொடர்பு இருந்தது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அரசாங்கம் தட்டுகளுக்கான அரக்கை 70 சதவீதம் குறைத்துவிட்டது. புதுத் தட்டு வேண்டுவோர் பழைய தட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அவை உடைத்து உருக்கப்பட்டன. எத்தனை குரல்கள் அவ்வாறு மாண்டனவோ!

அந்நாட்களில்தான் ஹாரி ஸ்மித் என்னும் இளைஞர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பழந்தட்டுகளை அற்ப விலைக்கு வாங்கிச் சேர்க்கலானார். 1952-ஆம் ஆண்டில் அவர் 84 பாட்டுகளைத் தேர்ந்து ஆறு நெடுந்தட்டுகளாக நியூயார்க்கின் போக்வேஸ் கம்பெனி வாயிலாக வெளியிட்டார். அத்தொகுப்பின் குறிப்பேட்டில் பாடகரின் ஊர், பாட்டின் கதை, தட்டின் எண் எல்லாம் இருக்கின்றன; நிறம் மட்டும் இல்லை. 8000 வரிசைப் பாட்டும் 45000 வரிசைப் பாட்டும் முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. கேட்டவர்கள் வெள்ளையரைக் கறுப்பர் என்றும், கறுப்பரை வெள்ளையர் என்றும் மயங்கினர். கம்பெனிகள் முப்பதாண்டு கட்டிய சுவரை, அச்சிடாத ஒரு சொல்லால் அவர் இடித்துவிட்டார்.

அவ்வாறு மயக்கியவருள் ஒருவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928-ஆம் ஆண்டில் அவரை ஓக்கே கம்பெனிக்குச் சிபாரிசு செய்தவர் வில்லி நார்மர் என்னும் வெள்ளைப் பிடில்காரர். இருவரும் ஒரே வட்டாரத்தார். ஆட்டங்களில் சேர்ந்து வாசித்தவர்கள். ஆனால் ஹர்ட்டின் தட்டு 8000 வரிசையிலும், நார்மரின் தட்டு 45000 வரிசையிலும் வெளிவந்தன. மந்தம் வந்ததும் ஹர்ட் பண்ணை வேலைக்கே திரும்பினார். அவர் உயிரோடிருப்பதையே உலகம் மறந்தது. அவர் பழைய தட்டொன்றில் அவலான் என்னும் தம் ஊரைக் குறிப்பிட்டிருந்தார். அதைப் பழைய வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்து, 1963-ஆம் ஆண்டில் டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இசையன்பர் அங்கே போய்ச் சேர்ந்தார். முதியவரான ஹர்ட் அங்கேயே இருந்தார், விரல்களும் மறக்கவில்லை. 1966-ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவர் பெரிய மேடைகளில் பாடினார். ஓர் அரக்குத் தட்டு ஒரு மனிதனுக்குத் தன் கடைசி மூன்றாண்டுகளை மீட்டுக் கொடுத்தது.

ஒரு பாட்டின் மூன்று பிறவிகள்

1936-ஆம் ஆண்டில் கார்ட்டர் குடும்பத்தார் மந்தமற்ற வானுலகைப் பற்றி ஒரு பக்திப்பாட்டைப் பதிவு செய்தனர். 1959-ஆம் ஆண்டில் மைக் சீகர் முதலிய நகரத்து இளைஞர்களின் குழு அதை மீண்டும் பாடிற்று. 1990-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்துப் பெல்வில் என்னும் தொழிலூரின் மூன்று வாலிபர்கள், 'அங்கிள் டுப்பலோ' என்னும் பெயரில், காதைத் துளைக்கும் மின்கிடாருடன் அதையே பாடித் தங்கள் முதல் தொகுப்புக்கும் 'நோ டிப்ரஷன்' என்று பெயரிட்டனர். 1995-ஆம் ஆண்டில் அதே பெயரில் ஒரு பத்திரிகையும் தோன்றிற்று. நாஷ்வில் வியாபாரிகளின் மெருகிட்ட பாட்டை வெறுத்து, பழைய எளிமைக்குத் திரும்பிய அந்த இயக்கத்துக்கு 'ஆல்ட்டர்னேட்டிவ் கண்ட்ரி', அதாவது மாற்று நாட்டிசை, என்று பெயர் ஏற்பட்டது. அப்பெயரின் பொருள் என்னவோ என்று அப்பத்திரிகையே தன் அட்டையில் கேலி செய்துகொண்டது.

அங்கிள் டுப்பலோ 1994-ஆம் ஆண்டில் உடைந்து சன் வோல்ட், வில்கோ என்னும் இரு குழுக்களாயிற்று. அதன் முதல் மூன்று தொகுப்புகளின் உரிமையை அவர்கள் வழக்காடித்தான் மீட்டனர். பின்னர் 2003, 2014 ஆகிய ஆண்டுகளில் முதல் தொகுப்பு மறுவெளியீடு பெற்றது. 1989-ஆம் ஆண்டின் மாதிரி ஒலிநாடாவும் 2014-ஆம் ஆண்டு வெளியீட்டில் இடம்பெற்றது. இவ்விசையின் அன்பர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை நுணுகி ஆராய்ந்து பேசுவர். அதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுதல் கூடாது. ஒரு பாட்டின் வேரைத் தேடிச் செல்பவன், அவ்வேர் எந்த மண்ணில் ஊன்றியது என்பதையும் ஒருநாள் காண்பான். மைக் சீகரின் செயலே இதற்குச் சான்று. மேபெல் கார்ட்டரிடம் கேட்டறிந்து, 1960-களில் அவர் லெஸ்லி ரிடிலை நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் கண்டுபிடித்து அவர் குரலைப் பதிவு செய்தார். அது தனித்தொகுப்பாக வெளிவந்தது 1993-ஆம் ஆண்டில். அப்போது ரிடில் உயிரோடில்லை. ஆயினும் அட்டையின் மேல் அவர் பெயர் இருந்தது.

சேகரிப்போரிடம் குறையும் உண்டு. அரியது என்பதனாலேயே ஒன்றை விரும்பிப் பூட்டி வைப்போர் உளர். 2013-ஆம் ஆண்டில் டாமி ஜான்சனின் ஒரே ஒரு புளூஸ் தட்டு 37,100 டாலருக்கு ஏலம் போயிற்று. பாடியவன் தன் வாழ்நாளில் அத்தொகையைக் கண்டிருப்பானா? பெட்டிக்குள் பூட்டிய தட்டு ஊமை. அதை மறுபடி ஒலிக்கச் செய்து, குறிப்பெழுதி, பலரும் வாங்கும் விலைக்கு வெளியிடுபவனே வரலாற்றுக்குத் தொண்டு செய்கிறான். பிரிஸ்டல் பதிவுகளையெல்லாம் திரட்டி 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜெர்மனியின் பேர் பேமிலி நிறுவனம் போன்றவை இதனாலேயே பாராட்டுக்குரியன. எல் வாட்சனின் மௌத் ஆர்கன் கார்ட்டர் குடும்பத்தின் குரலோடு ஒரே பெட்டியில் கிடைப்பது அத்தகையோரின் உழைப்பால்தான்.

வரலாறு திருந்துகிறது

1998-ஆம் ஆண்டில் கறுப்பரின் கண்ட்ரி இசையை மட்டும் திரட்டி மூன்று தட்டுகள் வெளிவந்தன. 2005-ஆம் ஆண்டில் வட கரோலினாவில் கறுப்பர் பாஞ்சோ மாநாடு கூடிற்று. அதிலிருந்து பிறந்த கரோலினா சாக்கலட் டிராப்ஸ் என்னும் குழுவினர், ஜோ தாம்ஸன் என்னும் முதிய பிடில்காரரிடம் பாடம் கேட்டுத் தங்கள் முன்னோர் பாட்டை மீண்டும் பாடினர். 2011-ஆம் ஆண்டில் கிராமி பரிசும் பெற்றனர்.

பழைய பேரேடு அத்தோடு மூடிவிடவில்லை. 2019-ஆம் ஆண்டில் லில் நாஸ் எக்ஸ் என்னும் கறுப்பு இளைஞரின் பாட்டைப் பில்போர்ட் பத்திரிகை தன் கண்ட்ரி வரிசையிலிருந்து நீக்கிற்று. அப்பாட்டில் போதிய கண்ட்ரி அம்சம் இல்லையாம். 14000-க்கும் 15000-க்கும் இடையே 1920-களில் கிழித்த கோடே வேறு பெயரில் வந்தது என்று பலர் கொதித்தனர். 2024-ஆம் ஆண்டில் பியான்சே 'கவ்பாய் கார்ட்டர்' என்னும் தொகுப்பின் மூலம் அதே பத்திரிகையின் கண்ட்ரித் தொகுப்பு வரிசையில் முதலிடம் பெற்றார். அவ்விடத்தை எய்திய முதற் கறுப்பு மாது அவரே. 2025-ஆம் ஆண்டில் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி பரிசும் அதற்கே கிடைத்தது. தங்கள் பாட்டனார் வீட்டுக்குள் நுழைவதற்கு ஓர் இனத்தார் நூறாண்டு காத்திருக்க நேர்ந்தது.

பிறப்பால் மனிதரைப் பிரிப்போர் எக்காலத்தும் அது இயற்கை என்றும், முன்னோர் வழக்கம் என்றும் சாதிப்பர். அமெரிக்க இசையில் அப்பிரிவு முளைத்த ஆண்டைச் சொல்லலாம். முளைத்த கம்பெனியைச் சொல்லலாம். தட்டின் எண்ணைக்கூடச் சொல்லலாம். ஆண்டும் எண்ணும் உள்ள வழக்கம் மனிதர் செய்தது; மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம். அம்மாற்றம் ஒரு பெயரைக் கேட்பதிலிருந்து தொடங்குகிறது. பழைய பாட்டொன்று காதில் விழும்போது பாடியவர் யார் என்று கேட்பதோடு நில்லாது, மெட்டைச் சுமந்து வந்தவர் யார், வாத்தியம் வாசித்தவர் யார், அவருக்குக் கூலி கிடைத்ததா என்றும் கேட்போமாக.